இரண்டு காற்சட்டைகளுடன் ஓர் ஒத்திகை

போன வருடம் நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. லண்டனில் விம்பிள்டன் ரயில் நிலைய வாசலில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காற்சட்டைகள் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சூட்கேசுடன் நின்றுகொண்டிருந்தேன். குளிருக்காக என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அன்று அப்படியொன்றும் குளிரில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன் எதற்காக அப்படி நின்றான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். என் மனைவி இன்னும் நிறுத்தவில்லை.

அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு லீவை விட்டுக்கொடுத்துவிட்டு இவள் ஷிப்டுக்குப் போய்விடுவாள். எங்கள் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் பழைய காலண்டரில் இருந்து வெட்டிய ஒரு படம் பல வருடங்களாக ஒட்டியிருந்தது. பெரிய தேவாலயம், அதன் முன்னால் வரிசையாக மரக்கடைகள், மஞ்சள் விளக்குகள், கையில் ஆவி பறக்கும் கோப்பைகளுடன் மனிதர்கள். ஜெர்மனியின் ஒரு கிறிஸ்மஸ் சந்தை. நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தைத் திறந்து மூடியிருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன வருடம் இல்லத்தின் மனேஜரே, இந்த முறை டிசம்பரில் உன்னை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லி லீவு கொடுத்துவிட்டார். அதே கிழமை எங்கள் பங்குக் கோயில் வாசலில் ஓர் அறிவித்தல் தொங்கியது. கிறிஸ்மஸ் சந்தைகளைப் பார்க்க ரயிலில் ஒரு குழுப் பயணம். மனைவி பூசை முடிந்த கையோடு இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குச் செய்தி இரவுச் சாப்பாட்டில்தான் கிடைத்தது.

"இஞ்சேருங்கோ, டிசம்பரிலை ஜெர்மனிக்குப் போறம். ரெயினிலை. குறூப்பாய்த்தான். கூட்டிக்கொண்டு போக ஒரு மனிசி வாறா."

புட்டு தொண்டையில் நின்றது. வேறு யாருக்கும் அது சந்தோஷமான செய்தியாகத்தான் இருந்திருக்கும். எனக்குக் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: ரயில், குழு, குளிர்காலம், ஜெர்மனி, கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள். இப்படியொரு பயணம் நான் ஏற்கனவே போயிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட என்னைப் போன்ற இளைஞர்களைக் காசு வாங்கிக்கொண்டு களவாக எல்லை கடத்திக் கூட்டிக்கொண்டு போக ஏஜென்சிக்காரர்கள் இருந்தார்கள். நான் போன பயணமும் எல்லா வசதிகளும் சேர்ந்ததுதான். பனிக்காட்டில் இயற்கை ரசனை நடை, லொறியின் பின்பக்கத்தில் தனிமையான உல்லாசம், கடைசியில் ஜெர்மனிக்குள் ஒரு ரயில் பயணம். எங்கள் வழிகாட்டிக்குச் சில விதிகள் இருந்தன. ரயிலில் சேர்ந்து இருக்கக்கூடாது. தமிழ் கதைக்கக்கூடாது. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது, முக்கியமாக அவரைப் பார்க்கவே கூடாது. பைக்குப் பதிலாக இருக்கிற உடுப்பையெல்லாம் மேலேயே போட்டுக்கொள்ள வேண்டும். யாராவது வழியில் தவறிப்போனால், அவனை மற்றவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கதையை நான் கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும் பகிடியாகச் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன். தவறியவன் நான். ஒரு சின்ன நிலையத்தில் மாறி இறங்கிவிட்டேன். பிறகு ஜெர்மன் பொலிஸ் வந்து என்னைக் காரில் ஏற்றியது. 'அந்தப் பயணத்திலேயே ஹீட்டர் போட்ட வாகனம் அதுதான்' என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்தது வேறு கதை. இறங்கியதற்கும் பொலிஸ் வந்ததற்கும் நடுவில் இருந்த பகலை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. அதில் சிரிக்க எதுவும் இல்லை.

அதனால் புட்டை விழுங்கிவிட்டு, அடுத்த நாளில் இருந்து ஓர் இடுப்பு வலியை வளர்க்கத் தொடங்கினேன். எழும்பும்போது ஒரு முனகல், உட்காரும்போது இரண்டு. பாரம் தூக்கினால் பிடித்துக்கொள்ளும், பயணம் ஒத்துவராது போலிருக்கிறது என்று மெல்ல விதைத்தேன்.

மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "போன கிழமை உங்களுக்கு இடப்பக்கம் எல்லே நொந்தது?"

"அது பரவும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை நிறுத்தினாள். "நீங்கள் வராட்டி நானும் போகேல்லை. நான் ஷிப்டை எடுக்கிறன். பெயரைக் கடைசியாய்ச் சொல்ல வாற திங்கள் வரைக்கும் நேரம் இருக்கு."

கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கைகளைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அன்றுதான் பிரிட்ஜ் கதவில் இருந்த படத்தை நின்று பார்த்தேன்.

இடுப்பு வலி அடுத்த நாளே குணமாகிவிட்டது. பயம் குணமாகவில்லை. அது கடைக்குப் போனது. டூட்டிங்கில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் தமிழ்க் கடையில் பிஸ்கட், பேரீச்சம்பழம், பொரிவிளாங்காய் உருண்டை, மெழுகுதிரி, நைலோன் கயிறு எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். கடைக்காரத் தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அண்ணை, எங்கை பயணம்?"

"ஜெர்மனிக்கு. கிறிஸ்மஸ் சந்தை பாக்க."

"சந்தை பாக்கப் போறியளோ, சண்டைக்குப் போறியளோ?"

கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

பயண வழிகாட்டியை முதலில் பார்த்தது பங்கு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில்தான். அறுபதை நெருங்கும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. மெலிந்த உடம்பு, மஞ்சள் கம்பளித் தொப்பி, நடக்கும்போது ஒரு காலை லேசாக இழுப்பார். அவரை விட்டு எங்கள் குழு பதினான்கு பேர். அவர் எல்லோருடைய பெயரையும் கேட்டு, என் நீளமான பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். முப்பது வருடமாக என்னோடு வேலை செய்கிறவர்களே இன்னும் பாதிப் பெயரில்தான் நிற்கிறார்கள்.

பிறகு விளக்கினார். வழியில் ரயில் மாற வேண்டும். சில இடங்களில் ரயில் கொஞ்ச நேரந்தான் நிற்கும். அவரவர் பெட்டியை அவரவர் தூக்க வேண்டும். "யாராவது ரயிலுக்குள் மாட்டிக்கொண்டால் பயப்படாதீர்கள். அடுத்த நிலையத்தில் இறங்குங்கள். இறங்கிய இடத்திலேயே நில்லுங்கள். என்னைத் தேடி வராதீர்கள். நான் வருவேன்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வழிகாட்டிகள் சொல்வதை எவ்வளவு நம்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்று உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன்.

அவர்தான் ஒரு பயண ஒத்திகையையும் ஏற்பாடு செய்தார். ஜெர்மனிக்குக் கொண்டு போகப்போகிற பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை விம்பிள்டனுக்கு வர வேண்டும். அங்கே ரயில் ஏறி, கிளாப்பம் ஜங்ஷனில் இறங்கி, நடைமேடை மாறி, இன்னொரு ரயிலில் வாட்டர்லூவுக்குப் போக வேண்டும். அங்கே ஆற்றங்கரையில் போட்டிருக்கும் சின்னக் கிறிஸ்மஸ் சந்தையில் ஆளுக்கொரு சூடான பானம். அவ்வளவுதான். குழந்தைப்பிள்ளை செய்யும் வேலை.

அதற்குத்தான் இரண்டு காற்சட்டைகள். உள்ளே போட்டதன் இடுப்பு மடிப்பில் கொஞ்சம் யூரோ தைத்திருந்தேன். பாஸ்போர்ட்டும் போனும் அதன் பொக்கெற்றில் பத்திரமாக இருந்தன. எந்தக் கள்ளனும் அங்கே வர முடியாது என்று எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

ரயில் வந்தது. எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். என் கால்கள் மட்டும் என்னைக் கேட்காமலே அடுத்த பெட்டிக்குப் போயின. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டமிடவில்லை. குழுவாக ரயிலில் ஏறினால் பிரிந்து இருக்க வேண்டும் என்று உடம்புக்குள் எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது. தனியாக ஓர் இடத்தில் இருந்து, யாரோ விட்டுப்போன இலவசப் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். யாரையும் பார்க்கவில்லை. மேடை இருந்த பக்கம் திரும்பாமல், மற்றப் பக்க ஜன்னலால் தண்டவாளங்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய ஏஜென்சிக்காரர் கண்டிருந்தால் எனக்கு முதல் பரிசு தந்திருப்பார்.

கிளாப்பம் ஜங்ஷனில் ரயில் நின்றது. நான் தண்டவாளம் பார்த்தேன். கதவுகள் மூடும் சத்தம் கேட்டபோதுதான் தலையைத் திருப்பினேன். மேடையில் ஒரு மஞ்சள் தொப்பி மெல்லப் பின்னால் நகர்ந்தது. அதற்குப் பக்கத்தில் என் மனைவியின் முகம். அவளுடைய வாய் திறந்திருந்தது. அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு சுவர் வந்துவிட்டது.

எனக்கு வியர்த்தது. இரண்டு காற்சட்டைக்குள்ளும் வியர்த்தது. அந்த நேரம் பார்த்து என் தொடைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. மனைவிதான். அதை எடுப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த ரயிலில் செய்யக்கூடிய வழி இல்லை அது. வெளியால் தடவித் தடவி நிறுத்தப் பார்த்தேன். எதிரே இருந்த இளம்பெண் எழும்பித் தள்ளிப்போய் நின்றாள். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன்.

போன் நின்றது. திரும்ப அடித்தது. நின்றது.

இதுவரைக்கும் பகிடி. அடுத்த நிலையம் வொக்ஸ்ஹோல். இறங்கினேன். ரயில் போய்விட்டது. மேடையில் காற்று அடித்தது. என் சூட்கேசும் நானும் நின்றோம். அப்போதுதான் எனக்கு அந்தப் பகல் திரும்ப வந்தது.

ஜெர்மனியின் அந்தச் சின்ன நிலையத்திலும் இப்படித்தான் நின்றேன். என்னோடு வந்தவர்கள் என்னைக் கவனித்திருப்பார்கள், அடுத்த ரயிலில் யாராவது திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். அடுத்த ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. இறங்குகிறவர்களின் முகம் முகமாகப் பார்த்தேன். அதற்கடுத்த ரயிலிலும் பார்த்தேன். பொழுது சாயும்வரை வந்த எல்லா ரயிலிலும் பார்த்தேன். எனக்காக யாரும் இறங்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பயந்த பொடியன்கள். விதியும் அதுதான். ஆனால் அன்று ஒரு விஷயம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நீ தவறினால், உனக்காக ஒரு ரயிலும் நிற்காது.

வொக்ஸ்ஹோல் மேடையில் நின்றபடி ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்கள் வாட்டர்லூவுக்குப் போயிருப்பார்கள். அங்கே போய்ச் சூடாக ஏதாவது குடிப்பார்கள். மனைவியிடம் சொல்லிவிட வேண்டும், இந்தப் பயணம் எனக்குச் சரிவராது. அவள் பாவம், ஷிப்டுக்குப் போகட்டும். அந்தப் படம் இன்னும் கொஞ்ச வருடம் பிரிட்ஜ் கதவில் இருக்கட்டும்.

அப்போது அடுத்த ரயில் வந்தது.

கதவுகள் திறந்தன. முதலில் ஒரு மஞ்சள் தொப்பி வெளியே எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி ஏதோ சொன்னது. பிறகு அந்தக் கதவால் சூட்கேஸ்கள் இறங்கத் தொடங்கின. சிவப்பு, கறுப்பு, பூப்போட்டது. அவற்றுக்குப் பின்னால் ஆட்கள். பைப் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அவருடைய மனைவி, வெம்பிளியில் இருந்து வந்த குஜராத்திச் சகோதரிகள் இருவர், என் மனைவி. எல்லோரும், ஒருவர் விடாமல். ஒரு மனிதனுக்காகப் பதின்மூன்று பேரும் பதின்மூன்று பெட்டியும் வொக்ஸ்ஹோலில் இறங்கி நின்றார்கள். கதவுகள் மூடி ரயில் வெறுமையாகப் போனது போல எனக்குப் பட்டது.

வழிகாட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். உதடு மட்டும் அசைந்தது. என்னிடம் வந்து நின்று, என் தோளில் ஒரு விரலை வைத்து, "பதினான்கு" என்றார்.

மனைவி பெட்டிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்னப்பா இது? ஏன் போனை எடுக்கேல்லை?"

"எடுக்கேலாத இடத்திலை இருக்கு."

"எங்கை?"

காதுக்குள் சொன்னேன். அவள் குனிந்து என் காலடியைப் பார்த்தாள். மேல் காற்சட்டைக்குக் கீழே மற்றதன் விளிம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் கோபமும் சிரிப்பும் அடிபட்டன. சிரிப்புத்தான் வென்றது. ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது.

அவள் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோ. பேரை வெட்டச் சொல்லட்டோ?"

நான் பதில் சொல்வதற்குள் வழிகாட்டி, ஏன் வேறு பெட்டியில் ஏறினீர்கள் என்று கேட்டார். கண்டிக்கும் குரல் இல்லை, அறிய விரும்பும் குரல். பொய் எதுவும் கையில் அகப்படவில்லை. முன்பொரு தரம் இதே போல ரயிலில் ஒரு குழுவோடு போனேன், அந்த வழிகாட்டி பிரிந்து இருக்கச் சொன்னார், நான் தவறியபோது அடுத்த ரயிலில் யாரும் வரவில்லை என்றேன். முதல் தடவையாக அந்தப் பகலை வாய்விட்டுச் சொன்னேன், அதுவும் ஆங்கிலத்தில், வொக்ஸ்ஹோல் மேடையில், இரண்டு காற்சட்டைகளுடன். மனைவி என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வழிகாட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "அந்த வழிகாட்டிக்கு என்ன ஆனது?"

"ஓடிவிட்டார்."

"அப்படியா. எனக்கு முழங்கால் சரியில்லை," என்றார். "ஓட முடியாது. நீங்கள் என்னோடுதான் மாட்டிக்கொண்டீர்கள்."

பைப் பெரியவர் தன் மனைவியைப் பார்த்து, "நான் தொலைந்தால் நீ இப்படி வருவாயா?" என்று கேட்டார். "பெட்டி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது" என்று பதில் வந்தது. மேடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எப்போதும் ஆட்களைச் சிரிக்க வைக்கிறவன், அன்று அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வழிகாட்டி அதோடு விடவில்லை. எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இனி ஒவ்வொரு நிலையத்திலும் எல்லோரும் ஏறியதை நான் பார்க்க வேண்டும். முகம் முகமாகப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஏறிய பிறகு நான் ஏற வேண்டும். எனக்குப் பின்னால் அவர் ஏறுவார். "பிரிந்து போகிறவர்கள் எங்கே போவார்கள் என்பது உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். இதைவிட மரியாதையாக என் பைத்தியத்தை யாரும் வேலைக்கு எடுத்ததில்லை.

நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். "பேரை வெட்ட வேண்டாம். நீர் சூட்கேசைப் பிடியும், நான் ஆக்களை எண்ணவேணும்."

"போங்கோ, பெரிய ஸ்டேஷன் மாஸ்ரர்," என்றாள் அவள்.

வாட்டர்லூவுக்குப் போகும் ரயிலில் எல்லோரையும் ஏற்றிவிட்டு, வழிகாட்டிக்கு முன்னால் கடைசிக்கு முதல் ஆளாக ஏறினேன். ஆற்றங்கரைச் சந்தையில் முதல் வேலையாகக் கழிவறையைத் தேடிப் போய் உள் காற்சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். தவறவிட்ட அழைப்புகள் பதினொன்று. எல்லாம் ஒரே ஆள்.

டிசம்பரில் ஜெர்மனிக்குப் போனோம். ஒருவரும் தவறவில்லை. ஓர் இடத்தில், பெயர் தெரியாத சின்ன நிலையம் ஒன்றை எங்கள் ரயில் நிற்காமல் கடந்தது. அதுதானா என்று எனக்குத் தெரியாது. எல்லாச் சின்ன நிலையங்களும் பனியில் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. அன்று மாலை, காலண்டரில் இருந்ததைப் போன்ற ஒரு பெரிய தேவாலயத்தின் முன்னால், மஞ்சள் விளக்குகளுக்குக் கீழே, என் மனைவி ஆவி பறக்கும் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குடிக்க மறந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் கடைகளைப் பார்க்கவில்லை. முதலில் அவளைப் பார்த்தேன், பிறகு வழக்கப்படி மற்றவர்களை எண்ணினேன். கொஞ்சம் தள்ளி மஞ்சள் தொப்பியும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தது. எங்கள் இருவருடைய கணக்கும் சரியாக வந்தபோது தூரத்தில் இருந்தே ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டோம்.

லண்டனுக்குத் திரும்பி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். இன்றைக்கும் ஏதாவது மேடையில் நிற்கும்போது ரயில் வந்தால், என்னை அறியாமல் இறங்குகிறவர்களின் முகங்களைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனால் முன்பு எனக்காக ஒருவரும் இறங்காததைப் பார்த்த அதே கண்கள், இப்போது வொக்ஸ்ஹோலில் இறங்கிய அந்தப் பதின்மூன்று பேரைப் பார்க்கின்றன.